பத்து மணி நேரம் பார்த்துவிட்டு "அவர் நிரபராதி" என்று சொல்லலாமா?

ஏப்ரல் 6, காலை

ஸ்டீவன் ஏவரி என்ற அமெரிக்கரின் கொலை வழக்கைப் பற்றிய ஆவணத்தொடர் ஒன்றைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே தருகிறேன்: "'மேக்கிங் எ மர்டரர்' முதல் பருவத்தின் பத்துப் பகுதியையும் இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். ஸ்டீவன் ஏவரி நிரபராதி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்கே தெரிகிறது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த ஜூரிகளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?"

அவர்கள் தொடரைப் பார்க்கவில்லை. அதனால்தான்.

ஏப்ரல் 6, இரவு

காலையில் எழுதியது கொஞ்சம் துடுக்காகப் போய்விட்டது. விரித்தே சொல்கிறேன்.

2015 டிசம்பரில் அந்தத் தொடர் வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். தூக்கம் போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பேசினேன். ஏவரிக்கு மன்னிப்பு வழங்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனு போட்டார்களே, அதில் என் பெயரும் இருந்தது. பதில் என்ன வந்தது தெரியுமா? இது மாநிலக் குற்ற வழக்கு, அதிபருக்கு இதில் மன்னிப்பு வழங்கும் அதிகாரமே இல்லை. யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல்தான் அத்தனை பேரும் நியாயம் கேட்டிருக்கிறோம்.

தொடரின் பலமே அதன் முதல் பகுதிதான். 1985-ல் ஒரு பாலியல் தாக்குதல் வழக்கில் ஏவரியைத் தண்டித்தார்கள். 18 வருஷம் சிறையில் கழித்த பிறகு, 2003-ல் டி.என்.ஏ. சோதனை அவரைக் குற்றமற்றவர் என்று காட்டியது. அது உண்மை, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அவர் நஷ்ட ஈடு கேட்டுப் பெரிய வழக்குப் போட்டிருந்த நேரத்தில், 2005-ல், ஒரு பெண்ணைக் கொன்றதாக மறுபடியும் கைதானார். 2007-ல் தண்டனை. முதல் அநியாயத்தை அவ்வளவு விரிவாகக் காட்டிவிட்டால் அடுத்த ஒன்பது பகுதியும் அதன் தொடர்ச்சியாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். ஒரு தடவை ஏமாற்றிய போலீஸ் இரண்டாவது தடவையும் ஏமாற்றுகிறது என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்வோம்.

அப்புறம் ஒரு நாள் அரசுத் தரப்பு முன்வைத்த சாட்சியங்களைத் தேடிப் படித்தேன். இறந்த பெண்ணின் காரில், முன்மூடியின் கொக்கியில் ஏவரியின் டி.என்.ஏ. இருந்தது, அது ரத்தத்திலிருந்து வந்ததல்ல என்று வாதிட்டிருக்கிறார்கள். தன் எண் தெரியாதபடி மறைத்து அவர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்திருந்ததையும் சொன்னார்கள். இந்த இரண்டையும் நான் தொடரில் பார்த்த நினைவே இல்லை. எதிர்த்தரப்பிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. என் வருத்தம் பதிலைப் பற்றி அல்ல. கேள்வியையே எனக்குக் காட்டவில்லையே என்பதுதான்.

ஏப்ரல் 7

இல்லை, "அப்போ அவன்தான் கொன்றான் என்கிறீர்களா" என்று கேட்காதீர்கள். அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை.

ஏப்ரல் 9

நேற்றெல்லாம் வந்த வசவுகளைப் பார்த்தால் நான் ஏதோ ஆவணப்படங்களுக்கே எதிரி போல. சரி, மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு படம் ஒரு மனிதனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கதை.

1976 நவம்பரில் டல்லஸ் நகரில், விளக்குப் போடாமல் வந்த ஒரு காரை நிறுத்திய போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். காரைத் திருடிவந்தது டேவிட் ஹாரிஸ் என்ற பதினாறு வயதுப் பையன். துப்பாக்கியும் அவன் கொண்டுவந்தது. ஊருக்குப் போய் "நான்தான் போலீஸ்காரனைச் சுட்டேன்" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் அவன்தான். பிடிபட்டதும் கையை வேறு பக்கம் நீட்டினான்: வழியில் நான் ஏற்றிக்கொண்ட ஆள்தான் சுட்டது. அந்த ஆள் ராண்டல் டேல் ஆடம்ஸ். 1977-ல் ஆடம்ஸுக்கு மரண தண்டனை. பதினாறு வயதுக்காரனுக்கு அந்த மாநிலச் சட்டப்படி மரண தண்டனை கொடுக்க முடியாது, ஆடம்ஸுக்குக் கொடுக்கலாம். படம் முழுக்க அது ஓரமாக உட்கார்ந்தே இருக்கிறது.

1979-ல் தண்டனை நிறைவேற மூன்றே நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 1980-ல் மரண தண்டனையை ரத்தும் செய்தது. மறுவிசாரணை வந்திருக்க வேண்டும். ஆளுநர் முந்திக்கொண்டு தண்டனையை ஆயுளாகக் குறைத்தார், மறுவிசாரணைக்கு வழியில்லாமல் போயிற்று. கருணையே கதவைச் சாத்திய கதை.

படத்தை எடுத்த இயக்குநர் எரல் மோரிஸ் இவரைத் தேடிப் போகவே இல்லை. மரண தண்டனை வழக்குகளில் வந்து "இந்த ஆள் மறுபடியும் கொல்வான்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு மனநல மருத்துவரைப் பற்றிப் படமெடுக்கப் போனார். போன இடத்தில் ஆடம்ஸைச் சந்தித்தார். 1988-ல் 'தின் புளூ லைன்' வந்தது. கடைசிப் பேட்டியின்போது கேமரா பழுதாகிவிட்டதால் ஒலிப்பதிவுக் கருவியின் படத்தை மட்டும் காட்டி ஹாரிஸின் குரலைக் கேட்க வைக்கிறார். ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று தனக்குத் தெரியும் என்கிறது அந்தக் குரல். எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரிந்தவன் நான்தானே என்கிற மாதிரி ஒரு பதில். 1989-ல் ஆடம்ஸ் வெளியே வந்தார்.

வந்தவர் அடுத்துச் செய்த காரியங்களில் ஒன்று, தன் கதையின் உரிமை யாருக்கு என்று மோரிஸோடு சட்டச் சண்டைக்குப் போனது. எனக்கு அந்தச் சண்டை பிடித்திருக்கிறது. காப்பாற்றியவருக்குக் காலமெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஏப்ரல் 9, இன்னொன்று

மேலே எழுத மறந்தது. அந்தப் படத்தில் கொலைக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மாறும். நடந்தது இதுதான் என்று காட்டுவதற்காக அல்ல, இந்தச் சாட்சி சொன்னது இது, அந்தச் சாட்சி சொன்னது இது என்று காட்டுவதற்காக. இப்போது வருகிற தொடர்களில் நடித்துக் காட்டும் காட்சி வந்தால் அது நடந்ததாகவே நம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மழை, கதவு, கையுறை போட்ட கை. அந்தக் கை யாருடையது? ஒரு துணை நடிகருடையது.

ஏப்ரல் 13

இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன். இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது. விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் அறையில் ஒரு பையனின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. அவனுடைய அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. காப்பாளர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மத்தியானம் யாரோ அறையிலிருந்து வெளியே போனதைப் பார்த்தேன் என்றேன். நீலச் சட்டை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. காப்பாளர் ஒரு பெயரைச் சொல்லி, "அவன்தானே?" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை சண்டை சச்சரவில் மாட்டியவன் அவன். நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அந்த முதுகு அவனுடைய முதுகாகவே ஆனது. "ஆமாம் சார்" என்றேன். "நல்ல பையன், பயப்படாமல் சொன்னாய்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் தட்டியதும் எனக்கு அவன் முகமும் தெரிய ஆரம்பித்தது.

அவனை விடுதியை விட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் கடிகாரம் கிடந்தது. திருட்டே நடக்கவில்லை.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அவன் கதவருகே திரும்பி என்னைப் பார்க்கிறான். அவன் அங்கே வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பார்க்கிறான்.

பல வருஷம் கழித்து ரொனால்ட் காட்டன் வழக்கைப் படித்தபோது காப்பாளரின் அந்தத் தட்டல் ஞாபகம் வந்தது. 1984-ல் வட கரோலினாவில் ஒரு பெண், தன்னைத் தாக்கியவன் முகத்தை மறக்கவே கூடாது என்று அந்த நேரத்திலும் உற்றுப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்கிறார். புகைப்படங்களில் காட்டனை எடுக்கிறார். பிறகு நேரில் நிறுத்திய வரிசையிலும் அவரையே காட்டுகிறார். நீ புகைப்படத்தில் எடுத்ததும் இவனைத்தான் என்று போலீஸ் சொன்னதும் அவருடைய சந்தேகமெல்லாம் தீர்ந்துபோகிறது. உண்மையில் தாக்கியவனைப் பின்னொரு விசாரணையில் நேரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் அவருடைய ஞாபகத்தில் காட்டன் முகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1995-ல் டி.என்.ஏ. வந்து காட்டனை விடுவித்தது, பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு. அந்தப் பெண் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை.

டி.என்.ஏ. மூலம் நிரபராதி என்று தெரியவந்த அமெரிக்க வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், தண்டனைக்குக் காரணங்களில் ஒன்று கண்ணால் கண்ட சாட்சி ஆளை மாற்றிக் காட்டியது. பொய்ச் சாட்சியை இதில் சேர்க்கவில்லை. மனதார நம்பிச் சொன்னதுதான் இவ்வளவு.

ஏப்ரல் 14

விளக்கை அணைக்காமல் போனது யார் என்று இன்று காலை மனைவி கேட்டாள். வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்வதாக இல்லை என்றேன். சூழ்நிலைச் சாட்சியமே போதும் என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு மாமியார்தான் இருக்கிறார், அங்கே போவதில் பிரயோஜனமில்லை.

ஏப்ரல் 19

"செய்யாத குற்றத்தை யாராவது செய்தேன் என்பார்களா? அடித்திருந்தால் சரி. அடிக்காமல் எப்படி?" இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

ஏவரி வழக்குக்கே வருகிறேன். அவருடைய சகோதரியின் மகன் பிரெண்டன் டாசிக்கு அப்போது பதினாறு வயது, படிப்பில் பின்தங்கியவன். 2006 மார்ச்சில் அவனைத் தனியாக உட்கார வைத்து விசாரித்த காணொளி இருக்கிறது. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்கு எல்லாம் தெரியும், நீ உண்மையை மட்டும் சொல்லு" என்ற பாணியிலேயே போகிறது. தலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். மாமா முடியை வெட்டினார் என்கிறான். வேறென்ன? குத்தினார் என்கிறான். வேறென்ன? கடைசியில் கேட்பவரே பொறுமை இழந்து, தலையில் சுட்டது யார் என்று கேட்டுவிடுகிறார். உடனே மாமாதான் சுட்டார் என்கிறான். பரீட்சையில் வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடை மாற்றும் பையனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதேதான். கொலையை ஒப்புக்கொண்ட பிறகு அவன் கவலை, பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய வேலைக்கு நேரத்துக்குப் போய்விட முடியுமா என்பது.

இந்த இடத்தில் நான் அந்தத் தொடரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காணொளி இல்லையென்றால் இப்படியும் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் பிறக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் பாருங்கள். 2016-ல் ஒரு நீதிபதி அந்த வாக்குமூலம் செல்லாது என்றார். 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஏழு பேர் உட்கார்ந்து பார்த்து, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் வழக்கை எடுக்கவே மறுத்தது. எல்லாரும் பார்த்தது ஒரே காணொளி. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் பையன் வெளியே. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத் தீர்ப்பு எதிர்பார்க்கிற நாம் அந்த நான்குக்கு மூன்றை என்ன செய்வது?

ஏப்ரல் 20

இதே பேச்சில் நம் பக்கத்து உதாரணம் ஒன்று இல்லாமல் இருந்தால் அது பாசாங்கு.

இந்தியச் சட்டப்படி காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு அது. பயங்கரவாதத் தடுப்புக்காக வந்த தடா சட்டம் அதைத் தளர்த்தியது. கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி பதிவு செய்தால் போதும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதான பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேலிருந்த குற்றச்சாட்டில் முக்கியமானது. வழக்கின் அச்சாணி அந்த வாக்குமூலம்.

2013-ல் 'உயிர்வலி' என்ற ஆவணப்படம் வந்தது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே, ஓய்வுபெற்ற பிறகு, அதில் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் பதிவில் சேர்க்கவில்லை என்றார். ஒரு வாக்கியம். எழுதாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் 22 வருஷம் ஓடியிருந்தது. அதில் பெரும்பகுதி தூக்குத் தண்டனைக் கைதியாக.

2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுதலை செய்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாநில அமைச்சரவையின் பரிந்துரை மேல் ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்தடித்ததுதான் அந்தத் தீர்ப்பின் மையம். குற்றம் செய்தாரா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் மறுபடி போகவில்லை. அவரை நிரபராதி என்று கொண்டாடியவர்களுக்கும், குற்றவாளியை விட்டுவிட்டார்கள் என்று கொதித்தவர்களுக்கும் தீர்ப்பைப் படிக்க நேரமிருக்கவில்லை.

ஏப்ரல் 26

திருத்தம். ஏப்ரல் 9 குறிப்பைப் படித்துவிட்டு அட்னான் சையத் (அமெரிக்காவில் முன்னாள் காதலியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்) பற்றிக் கேட்டவரிடம், "2022-லேயே விடுதலையாகிவிட்டார், வழக்கு முடிந்தது" என்று சொல்லியிருந்தேன். அரைகுறை. அவர் வழக்கைப் பற்றிய 'சீரியல்' ஒலித்தொடர் 2014-ல் வந்து உலகமே கேட்டது. 2022 செப்டம்பரில் தண்டனையை ரத்து செய்து வெளியே விட்டார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்புக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2024-ல் மேரிலாண்ட் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 மார்ச்சில், சிறுவயதில் செய்த குற்றத்துக்கான புதிய சட்டத்தின் கீழ், இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள். ஆக இன்றைய நிலவரம்: ஆள் வெளியே, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே.

2023-ல் ஏன் திருப்பினார்கள் என்பது இன்னும் முக்கியம். கொலையான பெண்ணின் தம்பிக்கு நேரில் வந்து கலந்துகொள்ளப் போதிய அவகாசம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தகவல், திங்கட்கிழமை விசாரணை, அவர் இருந்ததோ நாட்டின் மறுகோடியில். இணையம் வழியாகப் பேசியவர், உங்களுக்கு இது ஒலித்தொடர், எனக்கு இது வாழ்க்கை என்ற பொருளில் சொன்னார். நான் அந்தத் தொடரைச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டவன். அடுத்த பகுதி எப்போது வரும் என்று ஆவலாகக் காத்திருந்தவன்.

மே 2

விஞ்ஞானம் பொய் சொல்லாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். விஞ்ஞானம் சொல்லாது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் சொல்லலாம், அல்லது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

1974-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். கைதான ஆறு பேரில் சிலருடைய கைகளில் வெடிமருந்து இருந்ததாக ஒரு ரசாயனச் சோதனை காட்டியது. தடயவியல் நிபுணர் ஏறக்குறைய உறுதி என்று சாட்சி சொன்னார். 1985-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதே சோதனையை வேறு விஞ்ஞானிகளை வைத்துச் செய்து பார்த்தது. சீட்டுக்கட்டைத் தொட்டாலும் அதே நிறம் வந்தது. சீட்டின் மேற்பூச்சில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் காரணம். அந்த ஆட்கள் அன்று ரயிலில் உட்கார்ந்து சீட்டு விளையாடியிருந்தார்கள்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து போய் வீட்டிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று தெரியாது. சும்மா பார்த்தேன்.

நிகழ்ச்சி வந்ததும் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1988-ல் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். 1991-ல்தான் வெளியே வந்தார்கள்.

வெளியே வராமலே போனவர் கேமரூன் டாட் வில்லிங்ஹாம். 1991 டிசம்பரில் டெக்சாஸில் அவர் வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தரையில் இருந்த எரிந்த தடங்களையும், சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்த கண்ணாடியையும் பார்த்து, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறான் என்றார்கள் தீ விசாரணைக்காரர்கள். அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டிய தீ, எண்ணெய் இல்லாமலே அதே மாதிரித் தடங்களை விடும் என்று சோதனைகள் காட்டிவிட்டன. கண்ணாடி அப்படி வெடிப்பதும் சூட்டால் அல்ல, சூடான கண்ணாடி மேல் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்வதால். தீயணைப்பு வண்டியின் தண்ணீர். ஒரு தீ விஞ்ஞானி இதையெல்லாம் எழுதி அனுப்பிய அறிக்கை தண்டனைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 17 அன்று மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். அவரைப் பற்றிய ஆவணப்படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மே 3

ஒரு சின்ன விளையாட்டு. அடுத்த தடவை இந்த மாதிரித் தொடர் பார்க்கும்போது, சந்தேகப்படும்படி ஒருவரைக் காட்டுகிற இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடியில் ஓடும் அந்த ஒற்றைச் சுர இசை போனதும், அவர் சும்மா ஒரு வயசான மனுஷராக, கேமரா முன்னால் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்.

ராபர்ட் டர்ஸ்ட் என்ற கோடீஸ்வரர் மேலிருந்த கொலைச் சந்தேகங்களைப் பற்றிய தொடர் 'தி ஜிங்ஸ்'. அதன் இறுதிக் காட்சியில் அவர் ஒலிவாங்கியைக் கழற்ற மறந்து குளியலறையில் தனக்குத்தானே முணுமுணுப்பார். நான் என்ன செய்துவிட்டேன், எல்லாரையும் கொன்றேன், வேறென்ன என்பது போல இரண்டு வாக்கியம், அடுத்தடுத்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2019-ல் முழு எழுத்துப்படி வெளியானபோது, அந்த இரண்டும் அடுத்தடுத்துச் சொன்னவையே அல்ல, முன்பின்னாக மாற்றி ஒட்டியவை என்று தெரிந்தது. டர்ஸ்டை 2021-ல் கொலைக் குற்றவாளி என்று ஜூரி சொல்லிவிட்டது. ஆக, ஒட்டியது சரியான ஆள் மேல்தான். அது என் எரிச்சலைக் குறைக்கவில்லை.

மே 11

இரண்டு வாரமாக ஒன்று உறுத்துகிறது. 'பாரடைஸ் லாஸ்ட்' படங்களைப் பற்றி இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கும் அதுதான் காரணம்.

1993-ல் வெஸ்ட் மெம்ஃபிஸில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொலை. மூன்று இளைஞர்களைப் பிடித்தார்கள். கறுப்புச் சட்டை, இரைச்சல் இசை, சாத்தான் வழிபாடு என்று ஒரு பீதி. ஒருவருக்கு மரண தண்டனை, இருவருக்கு ஆயுள். 1996, 2000, 2011 என்று மூன்று படங்கள் வந்தன. 2011 ஆகஸ்டில் மூவரும் வெளியே வந்தார்கள், ஆனால் ஒரு விசித்திரமான ஒப்பந்தத்தில்: நாங்கள் செய்யவில்லை, ஆனால் எங்களைத் தண்டிக்கப் போதிய சாட்சியம் அரசிடம் இருப்பதாக ஒப்புக்கொள்கிறோம். ஆல்ஃபர்ட் வாக்கு என்பார்கள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு கதவு திறந்திருக்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஒருவர் முதலில் மறுத்தார். மரண தண்டனையிலிருந்த நண்பனைக் காப்பாற்றத்தான் கடைசியில் சம்மதித்தார்.

உறுத்துவது இது அல்ல. இரண்டாவது படம், இறந்த சிறுவர்களில் ஒருவனுடைய வளர்ப்புத் தந்தை மேல் சந்தேகத்தைத் திருப்பியது. ஆஜானுபாகுவான ஆள், ஆவேசமாகப் பேசுவார், கேமராவுக்குத் தீனி. பார்த்த நானும் அவர்தான் என்று முடிவு கட்டினேன். நாலு பேரிடம் சொன்னேன். மூன்றாவது படம் அவரை விட்டுவிட்டு இன்னொரு வளர்ப்புத் தந்தை பக்கம் போயிற்று. முன்னவர் அதற்குள் மனம் மாறி, சிறையிலிருக்கும் மூவரும் குற்றமற்றவர்கள் என்று பேசத் தொடங்கியிருந்தார். நான் சொன்ன நாலு பேரிடம் திரும்பப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை.

சாட்சியம் போதவில்லை என்று காட்டுவதோடு நிறுத்தினால் படம் பாதியில் நின்ற மாதிரி இருக்கும் போல. இவன் இல்லையென்றால் வேறு யார் என்று பார்ப்பவன் கேட்கிறான். உடனே ஒரு ஆளைத் தேடுகிறார்கள். கையில் இருக்கும் சாட்சியம் முதல் ஆளுக்கு எதிராக இருந்ததைவிடக் குறைச்சல். போலீஸ் செய்த அதே காரியம், மேலே இசை மட்டும் கூடுதல்.

மே 18

விடுதிக் கதையைப் படித்துவிட்டுப் பழைய அறைத்தோழன் ஒருவன் போன் செய்தான். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. குரலைக் கேட்டதுமே அடையாளம் தெரிந்தது. (தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். பெயரை அவன் சொன்ன பிறகா, முன்பா?)

"டேய், கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ அன்னிக்கு அறையிலேயே இல்லை" என்றான்.

எனக்கு அம்மை போட்டிருந்ததாம். ஒரு வாரமாகத் தனியறையில் கிடந்தேனாம். காப்பாளர் கூப்பிட்டு விசாரித்தது இவனை. முதுகைப் பார்த்தேன் என்றதும், ஆமாம் சார் என்றதும் இவன். நான் திரும்பி வந்த அன்று ராத்திரி முழுக்க என்னிடம் சொல்லி அழுதானாம்.

அம்மை வந்தது உண்மை. அது அந்த வருஷமா, அடுத்த வருஷமா என்று வீட்டில் கேட்டால் அம்மா ஒன்று சொல்கிறாள், அண்ணன் ஒன்று சொல்கிறான். காப்பாளர் முதுகில் தட்டியது எனக்கு இன்னும் தோளுக்குக் கீழே இருக்கிறது. அதையும் இவன் சொல்லிக் கேட்டு எடுத்துக்கொண்டேனா? இல்லை, செய்தது நான், என்மேல் இரக்கப்பட்டு இவன் இப்போது தன்மேல் போட்டுக்கொள்கிறானா? அதையும் கேட்டேன். "உனக்கு எதுக்குடா நான் பொய் சொல்லணும்" என்றான். காட்டன் வழக்கிலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பது சட்டென்று ஞாபகம் வந்தது, ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

அனுப்பப்பட்டவனைப் பற்றி இருவருக்கும் ஒரே மாதிரித் தெரிந்தது ஒன்றுதான். போகும்போது அவன் அழவில்லை.

ஏப்ரல் 13 குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். அப்படியே இருக்கட்டும்.

மே 19

இன்னொரு திருத்தம். நீலச் சட்டை என்று எழுதியிருந்தேன். பச்சை என்கிறான். கோடு போட்டதாம்.